கால் சுற்று

அத்தியாயம் 11

போன வாரம் தராசுக்காரரைக் குளியலறை வாசலில், இடுப்பில் ஒற்றைத் துண்டோடு, எடை மெஷின் மேல் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், மனிதர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? முள் எழுபதில் போய் உட்கார்ந்துகொண்டு அசையமாட்டேன் என்றது. எட்டாவது ஞாயிற்றுக்கிழமையாக அதே எழுபது. "எண்ணெய் ஊத்துறே! எனக்குத் தெரியாம எண்ணெய் ஊத்துறே!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். அங்கே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு கணம் நின்றது, மறுபடி தொடர்ந்தது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வரி. அவருக்கு வயது எழுபத்தொன்று. சர்க்கரை வியாதி இருபது வருடமாக, தராசு ரிப்பேர் நாற்பத்து நாலு வருடமாக. மார்க்கெட்டில் அவருக்கு வைத்த பெயர் 'முள்'. வளைந்து கொடுக்காத ஆள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், அவருக்கும் அதில் பெருமைதான். டாக்டர் எழுபத்தெட்டிலிருந்து அறுபத்தெட்டுக்கு இறங்கச் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. எழுபது வரை மளமளவென்று இறங்கினார். அப்புறம் நின்றுவிட்டது. நின்ற கோபத்தில் முதலில் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினார், பிறகு அடியோடு நிறுத்தினார். கோபம் மட்டும் மூன்று வேளையும் தவறாமல் வந்தது.

இன்று திங்கட்கிழமை. இன்றைக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. மூன்று மணிக்கு எடையளவு ஆபீசிலிருந்து ஆபீஸர் அம்மா பட்டறைக்கு வருகிறார். அவர் முன்னால் கையெழுத்துப் போட்டால், ரிப்பேர் லைசென்ஸ் இவர் பெயரிலிருந்து மகள் பெயருக்கு மாறும். இன்று விட்டால் புதிதாக மனுப் போட வேண்டும், ஆறு மாதம் பட்டறைக்குப் பூட்டு. அந்தப் படிவத்தில் ஒரு வரி உண்டு: 'என் அடையாளமிட்ட எந்தத் தராசும் கடந்த ஓராண்டில் பொய் எடை காட்டவில்லை என்று உறுதி கூறுகிறேன்.' மற்ற ரிப்பேர்காரர்கள் அந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். இவர் வருடா வருடம் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.

காலையில் கால்சட்டை போட்டார். அது இடுப்பில் நிற்காமல் நழுவியது. பெல்ட்டை இழுத்தார், கடைசி ஓட்டையும் தாண்டிப் போயிற்று. ஊசியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். இந்த இரண்டு மாதத்தில் அது மூன்றாவது ஓட்டை.

போட்டுவிட்டு அப்படியே நின்றார்.

இடுப்பு இறங்கியிருக்கிறது, எடை இறங்கவில்லை. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பெல்ட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கட்டிலுக்கடியில் பழைய எடைக்கற்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இருபது கிலோ கல்லின் பிடியில் கையைக் கொடுத்தார். இளவயதில் அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டே அடுத்த கடைக்காரனோடு வம்பளப்பார். இன்று இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். கல் தரையை விட்டுக் கிளம்பவில்லை. "சீ, சனியனே" என்று அதைத் திட்டிவிட்டு, இரண்டு பத்து கிலோ கற்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்து மெஷின் மேல் வைத்தார்.

வெறும் மெஷினில் முள் சரியாகப் பூஜ்யத்தில் இருந்தது. இருபது கிலோ ஏறியதும் இருபத்தொன்று காட்டியது. இன்னொரு பத்தை வைத்தார். முப்பத்தொன்றரை.

அதாவது, யாரும் ஏறாதவரை மெஷின் யோக்கியமாக இருந்தது. ஆள் ஏறினால் புளுக ஆரம்பித்தது. இது தானாக வரும் கோளாறு இல்லை. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

மெஷினைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரே ஒரு திருகாணி. எடையைக் கூட்டிக் காட்டுவதும் குறைத்துக் காட்டுவதும் அதன் கையில்தான். அதன் தலையில் சிவப்பாக ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

இது அவர் பட்டறை வழக்கம். தராசைச் சரிபார்த்து முடித்ததும் திருகாணித் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுவார். அப்புறம் யார் திருகினாலும் பூச்சு விரிசல் விட்டுக் காட்டிக் கொடுக்கும். சிவப்பு அவருடைய அடையாளம். பதினாலு வருடம் முன்பு மகள் பட்டறைக்கு வந்த அன்று அவளுக்கு நீலப் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். "என் தப்பு என் தலையில, உன் தப்பு உன் தலையில" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இந்த மெஷினில் அவர் ஒன்பது வருடம் முன்பு வைத்த சொட்டு இந்நேரம் வெளுத்திருக்க வேண்டும். இது பளபளவென்று இருந்தது. விரலால் தடவினார். தடிப்பாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, பூசிப் பூசி ஏற்றிய பூச்சு. ஒரு நாள் வேலை இல்லை. வாரா வாரம் திறந்து, ஒரு கால் சுற்று திருகி, மறுபடி சிவப்பை வைத்து மூடியிருக்கிறார்கள். அவர் ஒரு வாரம் பட்டினி கிடந்து அரைக் கிலோ இறங்கினால், கால் சுற்று அதை விழுங்கிவிட்டது.

அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த வேலை தெரிந்த கை உலகத்தில் இரண்டே ஜோடி. ஒன்று அவருடையது. இன்னொன்று இன்றைக்கு மூன்று மணிக்கு லைசென்ஸ் வாங்கப் போகிற கை.

"அடிப்பாவி" என்றார்.

மெஷினைப் பையில் திணித்தார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மனைவி தட்டோடு வந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"வேண்டாம்."

"மாத்திரை போட்டாச்சுல்ல? வெறும் வயித்தோட எங்க கிளம்பிட்டீங்க? அந்த மெஷின் எதுக்கு?"

"உன் மகளைக் கேக்கப் போறேன். எவ கை வச்சதுன்னு."

தட்டு அவள் கையில் லேசாகச் சாய்ந்தது. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ ஒண்ணும்..."

"நீ சும்மா இரு. இதெல்லாம் உனக்குத் தெரியாது."

கதவைச் சாத்திய சாத்தில் சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் திரும்பவில்லை.

பட்டறை பேருந்தில் நாலு நிறுத்தம். பையின் கனம் தோளை அறுத்தது. இறங்கி நடக்கும்போது கால் பின்னியது. எல்லாவற்றையும் கோபத்தின் கணக்கிலேயே அவர் எழுதிக்கொண்டார்.

மகள் பெஞ்சில் ஒரு கடைத் தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அது எங்கே என்று தேடுகிற ரகம். பக்கத்தில் பழக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க முள்ளண்ணே!" என்றார் பழக்கடைக்காரர். "என்ன இப்படித் துரும்பாயிட்டீங்க? அண்ணே, வழக்கம்போல நம்மளை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. எத்தனை கிலோ?" அது மார்க்கெட்டின் பழைய விளையாட்டு. ஆளோ மூட்டையோ, கண்ணால் பார்த்தே எடை சொல்வார். அரைக் கிலோ முன்னே பின்னே போகாது.

"எண்பத்தொண்ணு. எழுந்து வெளிய போ."

"அண்ணே?"

"தராசு சாயங்காலம் தர்றேன். போன்னேன்ல?"

அவர் போய்விட்டார். முழுதாகப் போகவில்லை, வாசலுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றார்.

தராசுக்காரர் மெஷினை பெஞ்சில் 'தொம்' என்று போட்டார். "இது என்ன?"

"வீட்டு மெஷின்."

"உள்ள பாரு."

மகள் மூடியைத் திறந்தாள். கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு பார்த்தாள். பார்த்த முகம் மாறியது.

"நூத்துக்கு அஞ்சு கூடுதலா காட்டுது. எட்டு வாரமா என்னைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்த்திருக்கே! அப்பன் கிழவன், அவனுக்கு என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சியா? என் சிவப்பை எடுத்து என் வீட்டுத் தராசுல பொய்க்கு வச்சிருக்கே. இந்தக் கையிலயா நான் லைசென்ஸைக் கொடுக்கணும்?"

"அப்பா..."

"பேசாதே! கையெழுத்துப் போடமாட்டேன். பட்டறையைப் பூட்டு. ஆறு மாசம் இல்ல, அறுபது வருஷம் பூட்டிக் கிடக்கட்டும்."

மகள் அதுவரை பொறுமையாகத்தான் இருந்தாள். அப்புறம் அவளுக்கும் வந்தது. அவர் பெற்ற பெண் வேறு யார் மாதிரி இருப்பாள்? இழுப்பறையைப் படாரென்று இழுத்து நீலப் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பதினாலு வருஷம். இந்த நீலத்தைத் தவிர வேற ஒரு சொட்டு நான் வச்சிருக்கேனா? சொல்லுங்க. உங்க சிவப்பை நான் தொட்டிருக்கேனா? தப்பு பண்ணணும்னு நெனச்சாக்கூட நான் என் நீலத்தைத்தாம்ப்பா வைப்பேன். நீங்க சொல்லிக் கொடுத்தது அது. கேக்கணும்னு தோணலை உங்களுக்கு? நேரா வந்து, வாசல்ல ஆளை வச்சுக்கிட்டு, பொய்க்காரின்னு சொல்றீங்க!"

"வேற யாருக்குடி தெரியும் இந்த வேலை? வேற... யா..."

அவருக்கு வார்த்தை குழறியது. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. பெஞ்சைப் பிடித்த கை தானாக ஆடிற்று, அதில் இருந்த சின்னச் சின்னக் கற்கள் கலகலவென்று சத்தம் போட்டன.

மகள் ஒரு நொடி பார்த்தாள். "உட்காருங்க."

"மாட்டேன்."

"உட்காருங்கன்னு சொன்னேன்!" தோளை அமுக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள். மூன்று வருடம் முன்பு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து சுகர் பார்க்கும் மெஷின் ஒன்றைப் பட்டறை இழுப்பறையிலும் வைத்திருக்கிறாள். விரலில் குத்தினாள். ஐம்பத்தெட்டு.

டீக்கு வைத்திருந்த சர்க்கரையில் மூன்று ஸ்பூன் அள்ளித் தண்ணீரில் கலக்கினாள். "குடிங்க."

"சர்க்கரையா? எனக்கா?"

"வாயைத் திறங்கப்பா!"

குடித்தார். இருபது வருடமாக விரோதியாக இருந்தது தொண்டையில் இறங்கியது. கால் மணி நேரம் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி குத்தினாள். தொண்ணூற்றாறு. கை ஆட்டம் நின்றது. மேஜை டப்பாவிலிருந்த பிஸ்கட் இரண்டை நீட்டினாள், அதையும் தின்றார்.

"தினம் காலைல நீங்க எரிஞ்சு விழறது இதனாலதான் போல" என்றாள் மகள், கொஞ்சம் இறங்கிய குரலில். "சுகர் இறங்கினா கோபம் வரும்."

"என் கோபத்தைச் சுகர் தலையில கட்டாதே. இப்பத் தொண்ணூத்தாறு. இப்பவும் எனக்குக் கோபமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். அதுல ஏறி நில்லுங்க."

பட்டறையின் பெரிய தராசு. போன வாரம்தான் ஆபீஸ் முத்திரை வைத்த தராசு. ஏறினார். அறுபத்தாறு கிலோ தொள்ளாயிரம்.

டாக்டர் சொன்ன அறுபத்தெட்டை எப்போதோ கடந்து போயிருக்கிறார். போனது தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறார்.

மகள் சர்க்கரை கிளினிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கே ஒரு நர்ஸ் உண்டு. அவளிடம் டாக்டருக்கே பயம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராத்திரி சாப்பாட்டை நிறுத்தச் சொன்னது யாரு?" என்றாள்.

"நானேதான்" என்றார் தராசுக்காரர்.

"நீங்க டாக்டரா?"

"தராசு ரிப்பேர்."

"அப்ப தராசைப் பாருங்க. வாராவாரம் எழுபது எழுபதுன்னு அனுப்பினீங்க. அதைப் பார்த்துத்தான் மாத்திரை அதே அளவுல இருக்கு. சாப்பாடு இல்லாம அந்த மாத்திரையைப் போட்டா சுகர் பாதாளத்துக்குப் போகும். வீட்ல தனியா இருக்கறப்ப விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னொண்ணு, இந்த வயசுல பட்டினி கிடந்து இறக்கினா கொழுப்பு மட்டும் போகாது. சதையும் சேர்ந்து போகும். கனமா எதையாவது தூக்க முடியுதா இப்ப?"

தரையை விட்டுக் கிளம்பாத இருபது கிலோ கல் அவர் கண்முன் வந்து உட்கார்ந்தது. "ம்" என்றார். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

"மூணு வேளையும் சாப்பிடணும். பருப்பு, முட்டை எதையும் விடக்கூடாது. கையில சின்னதா எடை தூக்கிப் பழகணும். இன்னிக்கி ராத்திரி மாத்திரை போடாதீங்க, டாக்டரைக் கேட்டு நானே கூப்பிடறேன். நாளைக்குக் காலைல நேர்ல வாங்க. எல்லாம் இருக்கட்டும், மெஷின்ல யாரு கை வச்சது?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தராசுக்காரர் பெஞ்சின் மேல் இருந்த நீலப் பாட்டிலைப் பார்த்தார். பட்டறையில் சிவப்புப் பாட்டில் இல்லை. அவர் பட்டறைக்குத் தினமும் வருவதை நிறுத்தியதிலிருந்து அது வீட்டில், மனைவியின் அலமாரியில் இருக்கிறது. அதைக் கடையில் வாங்கி வருவதே எப்போதும் அவள்தான். காய்ந்துபோனால் அவள்தான் புதிது வாங்குவாள். பட்டறை வீட்டு முன்னறையில் நடந்த காலத்தில், அவர் திருகாணியைத் திருகும்போது பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்ததும் அவள்தான். முப்பது வருடம் அடித்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"சிவப்பைப் பார்த்தப்பத்தான் புரிஞ்சுது." மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "அப்பா, அம்மாவைத் திட்டாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க, கொஞ்ச நேரம் இங்கயே..."

அவர் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. சாவிக்கொத்து மறுபடி சுவரில் மாட்டியிருந்தது. மனைவி மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். எதிரே சிவப்புப் பாட்டில். அவர் தேடட்டும் என்று ஒளித்து வைக்கிற ஆள் இல்லை அவள்.

"நீயா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"உட்காருங்க, சொல்றேன்."

"உட்காரமாட்டேன்! நாப்பத்து நாலு வருஷம்! ஒரு கடைக்காரன் காலைப் பிடிச்சிருக்கான், ஒருத்தன் கழுத்தைப் பிடிச்சிருக்கான். ஒரு தராசை நான் மாத்தி வச்சதில்லை. என் சிவப்பு இருந்தா அது நிஜம்னு ஊரே நம்புச்சு. அதை எடுத்து, என் வீட்லயே, எனக்கே பொய் காட்டியிருக்கே. பெத்த பொண்ணைப் பொய்க்காரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன் உன்னால!"

அவள் எழுந்தாள். நாலடி பத்து அங்குலம்தான். எழுந்து நின்றபோது தராசுக்காரர் தன்னை அறியாமல் ஒரு அடி பின்வாங்கினார்.

"கத்தி முடிச்சாச்சா? இப்ப நான் கத்தறேன். எட்டு வாரமா எண்ணெய் எண்ணெய்னு என்னைத் திட்டுனீங்களே, ஒரு தடவை பதில் பேசினேனா? மூணு வருஷத்துக்கு முன்னாடி டாக்டர் எழுபதுன்னார். எழுபது வந்துச்சு. ஜெயிச்சுட்டேன்னு குதிச்சீங்க. மாத்திரையைத் தூக்கிப் போட்டீங்க. பெட்டி பெட்டியா இனிப்பு. நான் கெஞ்சினேன். 'முள் எழுபதுல நிக்குது, உனக்கென்னடி தெரியும்'னீங்க. நாப்பது நாள்ல கால் விரலை வெட்டி எடுத்தாங்க. செருப்புப் போட்டா அந்த இடம் உங்களுக்குத் தெரியறதில்லை. நாலு மாசம் சீழைத் தொடச்சுக் கட்டுக் கட்டினவளுக்குத் தெரியும். நீங்க மறந்துட்டீங்க. எனக்கு மறக்கலை!"

"அதுக்காக..."

"அதுக்காகத்தான்! அறுபத்தெட்டை உங்க கண்ணுல காட்டக்கூடாதுன்னு முடிவு பண்ணினேன். காட்டினா அன்னிக்கே ஆட்டம் ஆரம்பம். எழுபதுலயே நிக்கட்டும், அடக்கமா இருப்பாருன்னு நெனச்சேன். நீங்க ராத்திரி சோத்தை நிறுத்துவீங்கன்னு நான் கண்டேனா?"

"நிறுத்தினப்ப சொல்றதுக்கென்ன? இன்னிக்கி ஐம்பத்தெட்டு. பட்டறையில விழப் பார்த்தேன். செத்திருப்பேன்!"

ஐம்பத்தெட்டு என்றதும் அவள் முகம் வெளிறியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் குரல் இறங்கவில்லை.

"சாப்பிடுங்கன்னு தினம் சொன்னேன். தட்டைத் தூக்கிக்கிட்டு பின்னாடியே வந்தேன், இன்னிக்கிக் காலைல வரைக்கும். நான் சொல்றதை எப்பக் கேட்டீங்க? முள்ளைத்தான் கேட்டீங்க. முள் என்ன சொல்லுச்சோ அதுதான் நிஜம். நான் ஒரு ஆளே இல்லை இந்த வீட்ல. திருப்பி வச்சுடலாம்னு ரெண்டு தடவை தெறந்தேன். ஒரேயடியா மூணு கிலோ இறங்கினா கண்டுபிடிச்சுடுவீங்களேன்னு பயந்து மூடிட்டேன். தப்புத்தான். பெரிய தப்புத்தான். ஆனா நீங்க கத்தறதுக்கு நான் தப்புன்னு சொல்லலை. உங்க ஐம்பத்தெட்டுக்குச் சொல்றேன்."

தராசுக்காரர் திருப்புளியை எடுத்தார். மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் டார்ச்சை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் அடித்தாள். சண்டை வேறு, டார்ச் வேறு.

எட்டுப் பூச்சையும் சுரண்டினார். திருப்புளி திருகாணித் தலையில் நிற்காமல் வழுக்கியது. கையில் வலு இல்லை. மூன்று தரம் வழுக்கியதும் அவள் அதைப் பிடுங்கினாள். கால் சுற்று. நிறுத்தினாள். கால் சுற்று. கச்சிதமாக எட்டுத் தடவை, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கையை இத்தனை வருடம் டார்ச் பிடிக்க மட்டும் வைத்திருந்தோமே என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றிற்று, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மெஷினை நிமிர்த்திக் கற்களை வைத்தார்கள். இருபதுக்கு இருபது. முப்பதுக்கு முப்பது.

"நீங்க ஏறுங்க" என்றாள்.

"நான் பட்டறையில பார்த்துட்டேன். நீ ஏறு. ஆள் ஏறினா எப்படி நிக்குதுன்னு பார்க்கணும்."

"நான் எதுக்கு?"

"ஏறுன்னேன்ல!"

அவள் ஏறவில்லை. டார்ச்சை அணைத்தாள், புடவைத் தலைப்பைச் சரி செய்தாள், அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தார். பிடித்த கை அவர் விரல்களுக்குள் மிகச் சுலபமாக அடங்கியது. அவள் ஏறினாள்.

முள் ஆடி நின்றது. நாற்பத்து நாலு.

போன வருடம் அவள் கண் ஆபரேஷனுக்குப் போனபோது ஐம்பத்திரண்டு என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். அந்தச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தவரே அவர்தான்.

"உனக்கென்ன வியாதி?" என்றார்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லை."

"பின்ன?"

"நீங்க பாதித் தட்டு சாப்பிடறப்ப நான் எப்படி முழுத்தட்டு சாப்பிடறது? அப்புறம் ஒரு நாள், 'நீ முன்னாடி உட்கார்ந்து திங்கறதைப் பார்த்தா எனக்கு வெறி வருது'ன்னீங்க. ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன்." அவள் மெஷினிலிருந்து இறங்கினாள். "சொன்னது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சொன்னது, சொன்ன கிழமை, அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது, எல்லாம் ஞாபகம் இருந்தது. பழக்கடைக்காரரைப் பார்த்த மாத்திரத்தில் எண்பத்தொன்று என்று சொன்ன கண், ஐந்து மாதமாக ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. எட்டு கிலோ. கண்ணெதிரே கரைந்துபோயிருக்கிறாள். காலையிலிருந்து யார் மேல் கோபப்படுவது என்று அலைந்துகொண்டிருந்தவருக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆள் மேல் வந்த கோபத்தில் அவருக்கு அழுகை வந்தது. அதை அவள் பார்க்கக்கூடாது என்று சமையலறைக்குப் போனார்.

பாத்திரங்களைத் திறந்து பார்த்தார். சோறு, பருப்பு, காய், இரண்டு முட்டை. இரண்டு தட்டுகளில் போட்டார். எது எந்த அளவு என்று அவருக்குத் தெரியவில்லை. கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"சாப்பிடு."

"நீங்க?"

"நானும்தான். முதல்ல நீ. என் முன்னாடி உட்கார்ந்து சாப்பிடு."

போன் அடித்தது. மகள். "அப்பா, மணி ரெண்டே முக்கால். ஆபீஸர் அம்மா சீக்கிரமே வந்துட்டாங்க. படிவத்தை எடுத்து வச்சிருக்காங்க. அந்த வரியை வாசிச்சுக் காட்டி, வீட்டு மெஷினும் உங்க சிவப்புத்தானேன்னு கேக்கறாங்க. பழக்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டாரு போல. நான் என்ன சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உட்காரச் சொல்லு. நான் வர்றேன், வீட்டு மெஷினையும் கொண்டு வர்றேன்."

"எதுக்குப்பா?"

"திருகாணி மொட்டையா இருக்கு. நான் இனிமே சிவப்பு வைக்கறதா இல்லை." மெஷினைக் காலால் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நீ சரிபார்த்துட்டு உன் நீலத்தை வை."

அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழுது தொலைக்காதே. ஆபீஸர் முன்னாடி" என்றார்.

"எத்தனை மணிக்கு வருவீங்க? அவங்க மூணரை வரைக்கும்தான் இருப்பேங்கறாங்க."

தராசுக்காரர் மேஜையைப் பார்த்தார். மனைவி முதல் வாயை எடுத்து, வாயில் வைக்கத் தெரியாதவள் போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்" என்று போனை வைத்தார்.

அந்த உறுதிமொழி வரியில் அவர் கையெழுத்துப் போடுவாரா, அதை அடித்துவிட்டு உண்மையை எழுதுவாரா என்று மனைவி கேட்கவில்லை. எழுதினால் பட்டறைக்குப் பூட்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். கடிகாரம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவா சாப்பிடு" என்றார், கோபமாகவே.